படகுப் புத்தகத்தின் இருபத்தேழாம் பக்கம்

அந்தப் பதிப்பகத்தில் அவளை எல்லோரும் ரப்பர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு கோடு போட்டால் மூன்று கோடு அழிப்பாள். காலையில் மேசை துடைக்க வரும் ஆயா, ரப்பர் துகள்களைக் கூட்டி அள்ளிக்கொண்டே, "நேத்து ஒரு முழு ஆளையே அழிச்சுட்டீங்க போலிருக்கே" என்பாள். அவளும் சிரித்துக்கொள்வாள். பதினோரு வருடமாக அதே மேசை, அதே சன்னல், அதே கிண்டல்.

அவள் வரைந்தது பிள்ளைகளுக்கான வரலாற்றுப் படக்கதைகள். ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரைக்கும் உள்ள பிள்ளைகள் படிப்பதற்கு. ராஜா, ராணி, பறக்கும் குதிரை எதுவும் அதில் வராது. ரயில் பாதை போடும்போது எத்தனை பேர் செத்தார்கள், ஆலையில் வேலைநிறுத்தம் ஏன் வந்தது, காலரா வந்த வருடம் எந்தத் தெருவில் குழாய் இருந்தது, எந்தத் தெருவில் இல்லை என்று நடந்தது மட்டும்தான். ஒவ்வொரு புத்தகத்தின் கடைசியிலும் நாலு பக்கத்துக்குப் பொடி எழுத்து இருக்கும். எந்தக் கட்டத்தை எந்தப் புகைப்படத்தை, எந்த அறிக்கையை வைத்து வரைந்தோம் என்கிற பட்டியல். பிள்ளைகள் அதைப் படிப்பார்களா என்று எடிட்டருக்கே சந்தேகம்தான். ஆனால் அந்தப் பட்டியல் இல்லாமல் ஒரு புத்தகமும் அச்சுக்குப் போகாது.

பட்டியலுக்குப் பொறுப்பு ஒரு ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார். அவருக்கு ஆதாரம் சார் என்று பெயர். "இந்தக் குதிரைக்கு லாடம் இருந்துச்சுன்னு யார் சொன்னா?" என்பார். "அன்னிக்கு மேகமா இருந்ததுக்கு ஆதாரம் எங்க?" என்பார். ஒரு தடவை காய்ச்சல் என்று லீவு கேட்டபோது எடிட்டர் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, "காய்ச்சலுக்கு ஆதாரம் எங்க சார்?" என்று கேட்டுவிட்டார். மறுநாள் மனிதர் நிஜமாகவே டாக்டர் சீட்டோடு வந்து நின்றார்.

படகுப் புத்தகம் எடிட்டரின் யோசனை. முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால், ஊரை இரண்டாகப் பிரிக்கும் ஆற்றில் ஒரு படகு கவிழ்ந்தது. நாற்பது பேர் ஏற வேண்டிய படகில் தொண்ணூற்று மூன்று பேரை ஏற்றியிருந்தார்கள். பெரும்பாலும் ஒரே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அக்கரையில் இருந்த பூங்காவுக்குச் சுற்றுலா கிளம்பியவர்கள். முப்பத்தொரு பிள்ளைகளும் இரண்டு டீச்சர்களும் செத்தார்கள். படகுக் காண்ட்ராக்டருக்கு இரண்டு வருடம் தண்டனை கிடைத்து, மேல்முறையீட்டில் அதுவும் போயிற்று. அதற்கு அப்புறம்தான் பாலம் கட்டினார்கள்.

"தினம் எட்டு நடை அந்தப் பாலத்து மேல போறேன். எனக்கே இது தெரியாது" என்றான் அவள் கணவன். அவன் பஸ் ஓட்டுபவன்.

"அதுக்குத்தான் புத்தகம் போடறாங்க."

"போடுங்க, போடுங்க. ஆனா பிள்ளைங்க படிச்சுட்டு என் பஸ்ஸுல ஏற மாட்டேன்னு சொல்லாம இருக்கணும்."

முப்பத்தொரு பிள்ளைகளில் பத்தொன்பது பேருக்குத்தான் புகைப்படம் கிடைத்தது. மீதிப் பன்னிரண்டு பேரை அவள் தனக்குத் தெரிந்த தந்திரத்தில் வரைந்துவிட்டாள். ஒருத்தன் குனிந்து செருப்பு மாட்டுவான், ஒருத்தி இன்னொருத்தியின் தலைக்குப் பின்னால் மறைந்திருப்பாள், நாலைந்து பேர் ஆற்றைப் பார்த்துத் திரும்பி நிற்பார்கள். முகமே தெரியாதபோது பொய்யும் இல்லை அல்லவா? ஆதாரம் சார் எல்லாப் பக்கத்துக்கும் டிக் போட்டுக் கொடுத்தார். எடிட்டர் மட்டும் தாள்களை வரிசையாகத் தரையில் பரப்பி வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா ரப்பர், இந்தப் பன்னிரண்டு பேரும் யாரு?"

"போட்டோ இல்லாதவங்க சார்."

"போட்டோ எடுக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைங்க. வசதி இருக்கற பிள்ளைங்களுக்கு முகம் இருக்கு, இல்லாதவங்களுக்கு முதுகு மட்டும் இருக்கு. இப்படியே அச்சடிச்சா நாமளும் அந்தக் காண்ட்ராக்டர் மாதிரிதான். வீடு வீடாப் போ. பெத்தவங்க இருப்பாங்க, கூடப் பிறந்தவங்க இருப்பாங்க. அவங்க சொல்லச் சொல்ல வரை. அதையே ஆதாரமாப் போடுவோம்."

ஆதாரம் சார் தலையைச் சொறிந்தார். பட்டியலில் பன்னிரண்டு புது வரிக்கு இடம் விட்டார்.

பன்னிரண்டு வீட்டு விலாசத்தில் ஐந்து வீட்டில் ஆளே மாறிப்போயிருந்தார்கள். ஒரு வீட்டில், "இத்தனை வருஷம் கழிச்சு எதுக்கும்மா?" என்று கேட்டுவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்தினார்கள். ஐந்து வீட்டில் உட்காரவைத்துப் பேசினார்கள். கடைசி விலாசம், திரைச்சீலை தைக்கும் ஒரு கடைக்கு மேலே இருந்த வீடு.

கடையை நடத்தியது நாற்பத்தெட்டு வயதுப் பெண்மணி. ஒல்லியான உடம்பு, கழுத்தில் மாலை மாதிரி அளவு நாடா. ஒருபுறம் தையல் மெஷின், மறுபுறம் திரைச்சீலையின் மேல் விளிம்பில் எஃகு வளையம் அடிக்கும் கைமெஷின், சுவரோடு சுவராகத் துணிச் சுருள்கள். வந்த காரியத்தைச் சொன்னதும் அந்த அக்கா வளையம் அடிப்பதை நிறுத்தவில்லை. டக், டக் என்று இரண்டு வளையம் அடித்து முடித்தபின்தான் நிமிர்ந்தாள்.

"செத்துப்போனது என் தம்பி. நானும் அந்தப் படகுல இருந்தேன். அம்மா மேல இருக்காங்க. அவங்களைக் கேளுங்க. எனக்கு முகம் ஞாபகம் இல்லை."

கூடப் பிறந்தவனின் முகம் ஞாபகம் இல்லை என்று சொன்னது ரப்பருக்கு அப்போது உறுத்தவில்லை. வயசாகிவிட்டது, மறந்திருப்பாள் என்று எடுத்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு எழுபத்து நாலு வயது. இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து நாலுகால் ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாது. ஆனால் கண்ணும் நாக்கும் கத்தி மாதிரி. முதல் நாள் வரைந்ததைப் பார்த்து, "இது யாரு, பக்கத்து வீட்டுக்காரனா?" என்றாள். இரண்டாவது தடவை, "காது இன்னும் வெளிய வரணும். காத்தடிச்சா பறந்துடுவான்னு அவங்கப்பா கேலி பண்ணுவார்" என்றாள். அப்புறம் முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்ததைச் சொன்னாள், அடிபம்பில் தொங்கி விளையாடும்போது உடைந்தது. உச்சந்தலையில் ரெட்டைச் சுழி, எவ்வளவு எண்ணெய் வைத்தாலும் அங்கே முடி படியாது. "ரெண்டு கல்யாணம் பண்ணிக்குவான்னு சொல்லிச் சிரிப்போம். ஏழு வயசுல போயிட்டான்."

நாலாவது தடவை தாளை நீட்டியபோது அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். தாளை எடுத்துத் தன் முகத்துக்கு நேராக வைத்து, "எங்கடா போயிருந்த?" என்று கேட்டாள்.

ரப்பருக்கு அப்போது ஒரு பெருமை வந்தது என்பதை மறைப்பதற்கில்லை. இத்தனை வருடத்தில் அவள் வரைந்த முகத்தோடு யாரும் பேசியதில்லை.

"இன்னொண்ணு சொல்றேன், அதையும் போடும்மா" என்றாள் அம்மா. "தண்ணியில விழுந்தப்புறமும் அக்காக்காரி இவன் கையை விடவே இல்லை. தண்ணிதான் பிடுங்கிட்டுப் போச்சு. பத்து வயசுப் பிள்ளை, உயிர் போற நேரத்துலயும் தம்பி கையை விடலை. அவன் தனியாப் போகலைங்கறது ஒண்ணுதான் எனக்கு இத்தனை வருஷமா ஆறுதல். அதை அந்தப் பசங்க படிக்கட்டும்."

"போட்டுடறேம்மா" என்றாள் ரப்பர், யோசிக்காமல்.

அந்த அக்கா அப்போது இரண்டு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் கீழே மெஷின் ஓடும் சத்தம் கேட்டது.

அந்தக் காட்சிக்கு இருபத்தேழாம் பக்கத்தை ஒதுக்கினார்கள். முழுப்பக்கத்துக்கு ஒரே கட்டம். ரப்பர் அதை வண்ணப் பென்சிலில் வரைந்து முடித்துவிட்டாள். பச்சையும் கறுப்புமாகத் தண்ணீர், அதற்குள் இரண்டு சின்னக் கைகள், ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்தபடி. எடிட்டர் பார்த்துவிட்டு, "இந்த வருஷம் இதுதான் நம்ம புத்தகம்" என்றார்.

ஆதாரம் சார் மட்டும் தாளைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மறுநாள் மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் எழுந்து போனபிறகு, அவள் மேசைக்கு வந்து ஒரு நகலை வைத்தார். விசாரணைக் கமிஷன் அறிக்கையின் பின்னிணைப்பு. சாட்சி எண் பதினாலு, வயது பத்து.

"படிச்சுட்டு என்னைக் கூப்பிடும்மா" என்றார். குரலில் வழக்கமான கறார் இல்லை.

யாரோ ஒரு குமாஸ்தா எழுதிய மொழி அது. 'நான் என் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு படித்துறையில் இறங்கிப் படகில் ஏறினேன். படகு நடு ஆற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நாங்கள் இருவரும் தண்ணீரில் விழுந்தோம். என் தம்பி என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். எனக்கு மூச்சு விட முடியவில்லை. நான் அவன் கைகளைக் கழுத்திலிருந்து விலக்கிவிட்டேன். அதற்குப் பிறகு அவனைப் பார்க்கவில்லை. ஒரு பலகை கிடைத்தது. அதைப் பிடித்துக்கொண்டேன்.' கீழே உருண்டை உருண்டையாக ஒரு குழந்தைக் கையெழுத்து. அதற்கும் கீழே, காப்பாளர் என்ற இடத்தில் அந்தச் சிறுமியின் அப்பாவுடைய கையெழுத்து.

ரப்பர் அதை மூன்று தடவை படித்தாள். ஒவ்வொரு தடவையும் 'விலக்கிவிட்டேன்' என்ற இடத்தில் கண் நின்றது. அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

எடிட்டரின் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தார்கள். எடிட்டர் நகலைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"இதைத்தான் வரையணும்" என்றார்.

"சார்!"

"கோபப்படாம கேளு. பத்து வயசுப் பொண்ணு தான் மூச்சு விடறதுக்குத் தம்பியைத் தள்ளிவிட வேண்டி வந்துச்சு. அவளை அந்த நிலைமைக்குக் கொண்டுபோனது யாரு? நாற்பது பேர் படகுல தொண்ணூத்து மூணு பேரை ஏத்தினவன். அதை இதைவிடத் தெளிவாப் பிள்ளைங்களுக்கு எப்படிச் சொல்லுவ? பேரு போட வேண்டாம், முகமும் காட்ட வேண்டாம்."

"முந்தின பக்கத்துல அந்தப் பையன் முகத்தை ரெட்டைச் சுழியோட வரைஞ்சு வச்சிருக்கேன். பேரு இல்லைன்னா அவன் அம்மாவுக்குத் தெரியாதா?"

"அப்ப கையைப் பிடிச்ச மாதிரியே போடலாம்கறியா? பின்னாடி ஆதாரப் பட்டியல்ல என்ன எழுதுவோம்? இவர் விடுவாரா?"

ஆதாரம் சார் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். "வரையறதுக்குத்தான் நான் ஆதாரம் கேட்பேன்" என்றார் மெதுவாக. "வரையாம விடறதுக்கு என்னிக்கும் கேட்டதில்லை."

"நீங்க யார் பக்கம் சார்?" என்று எரிச்சலோடு கேட்டார் எடிட்டர். அப்புறம் அவளிடம், "சாட்சி உயிரோட இருக்காங்க. அவங்களைக் கேளு. அவங்க வேண்டாம்னா விட்டுடலாம்" என்றார்.

வீட்டில் கணவனிடம் சொன்னபோது அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையை அப்படியே தட்டில் வைத்துவிட்டான். "நீ போய் அந்தக் காகிதத்தைக் காட்டாதே. அந்த அக்கா அதை எங்கேயோ ஒரு மூலையில போட்டு மூடி வச்சிருப்பாங்க. நீ ஏன் போய்க் கிளறணும்? பக்கத்தையே எடுத்துடு."

அவன் சொன்னது சரி என்றுதான் அவளுக்கும் பட்டது. ஆனாலும் போனாள். கேட்காமல் எடுத்துவிட்டால், அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை எதற்காக மீறினோம் என்று யாரிடமும் சொல்ல முடியாது. அப்படித்தான் தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டாள்.

கடையில் அப்போது யாருமில்லை. யாரோ ஆஸ்பத்திரிக்கு ஆர்டர் கொடுத்திருந்த பச்சைத் திரைச்சீலைகள் மேசை முழுக்கக் கிடந்தன. அக்கா நகலை வாங்கி, அளவு நாடாவால் மூலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே படித்தாள்.

"இது இன்னும் இருக்கா?" என்றாள். "கிழிச்சுப் போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன்."

"மன்னிச்சுடுங்கக்கா. எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா..."

"இதுலயும் முழுசா இல்லை." அக்கா நகலை நாலாக மடித்தாள். "கையை விலக்கினேன்னு போட்டிருக்கு. அவன் பிடி எங்க விலகிச்சு? ஏழு வயசுப் பையன்தான், ஆனா இரும்பு மாதிரி பிடிச்சிருந்தான். நான் அவன் விரலைக் கடிச்சேன். அப்பதான் விட்டான். நான் அதையும் சொன்னேன். எழுதிட்டிருந்தவர் பேனாவை நிறுத்திட்டு அப்பாவைப் பார்த்தார். அப்பா வேண்டாம்னு தலையாட்டினார். அவர் எழுதலை."

ரப்பர் மடித்த நகலை வாங்கிப் பைக்குள் வைத்தாள்.

"வீட்டுக்கு வர்ற வழியில அப்பா ஒரு மரத்தடியில என்னை நிறுத்தினார். அம்மாகிட்ட கையை விடலைன்னு சொல்லு, தண்ணிதான் பிடுங்கிச்சுன்னு சொல்லுன்னார். சொன்னேன். அம்மா என்னைக் கட்டிப்பிடிச்சு அழுதாங்க. அப்புறம் வீட்டுக்கு வர்றவங்க எல்லார்கிட்டயும் சொல்ல ஆரம்பிச்சாங்க. என்னைப் பொண்ணு பார்க்க வந்தவங்ககிட்ட கூடச் சொன்னாங்க. நான் காபித் தட்டோட நின்னுட்டிருக்கேன், 'எம்பொண்ணு தம்பி கையை விடாதவ, உங்க குடும்பத்தை விட்டுடுவாளா'ங்கறாங்க. நான் தட்டை வச்சுட்டு உள்ள போயிட்டேன். அதோட கல்யாணப் பேச்சே வேண்டாம்னு சொல்லிட்டேன்."

மேலே ஊன்றுகோல் தரையில் உரசும் சத்தம் கேட்டது. இரண்டு பேரும் கூரையைப் பார்த்தார்கள். சத்தம் நின்றது.

"அந்தப் பக்கத்துல என்னக்கா போடட்டும்?"

"எது வேணும்னாலும் போடுங்க. கையைப் பிடிச்சிருக்கற மாதிரி மட்டும் போட்டுடாதீங்க. இத்தனை நாள் வாயால சொன்னாங்க, தாங்கிக்கிட்டேன். அச்சடிச்சு ஊர்ப் பிள்ளைங்க கையில கொடுத்தா என்னால ஆகாது."

"நடந்ததை?"

"அம்மா இருக்கற வரைக்கும் வேண்டாம்."

ரப்பர் இருபத்தேழாம் பக்கத்தை மறுபடி வரைந்தாள். கரையிலிருந்து பார்க்கிற மாதிரி ஆறு, தூரத்தில் கவிழ்ந்த படகின் அடிப்பாகம், வேறெதுவும் இல்லை. இருபத்தாறாம் பக்கத்தில் படித்துறைக் காட்சி: ரெட்டைச் சுழியும் விரிந்த காதுமாக ஒரு பையன், அவன் கையைப் பிடித்துப் படகில் ஏற்றும் அக்கா. அதற்கு ஆதாரம் இருந்தது, சாட்சி எண் பதினாலின் முதல் வரி. எடிட்டர் கொஞ்ச நேரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்புறம் கையெழுத்துப் போட்டார்.

புத்தகம் நாலு மாதத்தில் வந்தது. குடும்பங்களுக்குத் தபாலில் அனுப்ப உறை தயாராக இருந்தது. ஒரு உறையை மட்டும் ரப்பர் எடுத்து வைத்துக்கொண்டாள். தானே கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றிருந்தது. அந்த அம்மா மகனோடு பேசியதை இன்னொரு தடவை பார்க்கும் ஆசை. பின்னால் அவள் தன்னையே நொந்துகொண்டதும் அதற்காகத்தான். தபாலில் போட்டிருக்கலாம்.

அம்மா சன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். பொறுமையாகப் படித்தாள். காண்ட்ராக்டரைப் பார்த்து, "இவன் மூஞ்சியை மட்டும் நல்லா வரைஞ்சிருக்க, பாவி" என்றாள். இருபத்தாறாம் பக்கத்தில் நின்றுவிட்டாள். விரல் நுனியால் பையனின் தலையைத் தொட்டாள். அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். தண்ணீர். அதற்கடுத்த பக்கத்தைத் திருப்பினாள். மறுபடி பின்னால் வந்தாள்.

"கையைப் பிடிச்சிட்டிருந்தாளே. அது எங்க?"

வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்த பதிலைச் சொன்னாள் ரப்பர். "அதுக்கு ஆதாரம் கிடைக்கலைம்மா. ஆதாரம் இல்லாம நாங்க எதையும் போடறதில்லை."

"ஆதாரமா? உயிரோட கீழ உட்கார்ந்து தைச்சிட்டிருக்கா, அதைவிட என்ன ஆதாரம் வேணும் உங்களுக்கு?"

ஊன்றுகோலைத் தூக்கித் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள். மெஷின் நின்றது. படியேறும் சத்தம் கேட்டது. ரப்பர் எழுந்துகொண்டாள். "பரவாயில்லைம்மா, அடுத்த பதிப்புல..." என்று ஏதோ உளறினாள். யாரும் காதில் வாங்கவில்லை.

அக்கா வாசலில் வந்து நின்றாள். புடவையில் பச்சை நூல் ஒட்டியிருந்தது. திறந்திருந்த பக்கத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லுடி இவகிட்ட" என்றாள் அம்மா. "நீ சொன்னா ஆதாரமில்லையாம்."

"விடும்மா."

"எதுக்கு விடணும்? ஊருக்கெல்லாம் தெரியட்டும். சொல்லு."

"அம்மா, நான் கையை விட்டுட்டேன்."

"தண்ணி பிடுங்கிச்சு, அதுக்கு நீ..."

"தண்ணி இல்லம்மா. நான்தான். அவன் என் கழுத்தைப் பிடிச்சிட்டான். எனக்கு மூச்சு முட்டிச்சு. அவன் விரலைக் கடிச்சு விட வச்சேன்."

குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. அத்தனை வருடம் அந்த வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்துப் பார்த்து மழுங்கிப்போயிருந்த மாதிரி இருந்தது. அம்மா அவளை நிமிர்ந்து பார்த்தாள். தெருவில் யாரோ ஏணியை இழுத்துக்கொண்டு போன சத்தம் ரொம்ப நேரம் கேட்டது.

"அவருக்குத் தெரியுமா?" என்று கேட்டாள் கடைசியில்.

"அப்பாவுக்குத் தெரியும். அவர்தான் உன்கிட்ட அப்படிச் சொல்லச் சொன்னார்."

"முப்பத்திரண்டு வருஷம்" என்றாள் அம்மா. கணவன் செத்து ஆறு வருடம் ஆகியிருந்தது. "முப்பத்திரண்டு வருஷம் பக்கத்துலயே படுத்து எழுந்தானே அந்த மனுஷன். ஒரு நாள், வாய் தவறிக்கூட ஒரு வார்த்தை வரலையே. பத்து வயசுக் குழந்தை தலையில ஏத்தி வச்சுட்டு, நிம்மதியாப் போய்ச் சேர்ந்துட்டானே."

அக்கா இரண்டு அடி முன்னால் வந்தாள். அம்மாவின் கை மடியிலிருந்து எழுந்தது. மகளுக்காகத்தான் எழுந்தது என்று ரப்பர் நினைத்தாள். ஆனால் அது பாதியில் நின்று, திரும்பிப்போய் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டது. அம்மாவின் பார்வை அக்காவின் முகத்தில் இல்லை. வாயில் இருந்தது.

அக்கா அதைக் கவனித்துவிட்டாள். புடவைத் தலைப்பை எடுத்து வாயை மூடிக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

"நீ கிளம்பும்மா" என்றாள் அம்மா. "புத்தகத்தையும் எடுத்துட்டுப் போ."

ரப்பர் எடுத்துக்கொண்டு வந்தாள். கடையில் அக்கா முதுகைக் காட்டி உட்கார்ந்து மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். ஊசிக்குக் கீழே துணி இல்லை.

புத்தகம் நன்றாகப் போயிற்று. பள்ளிகள் வாங்கின. ஆயா கூட ஒரு பிரதி கேட்டு வாங்கிப் போனாள். எடிட்டர் அடுத்த புத்தகத்துக்குத் தபால்காரர்களின் வரலாறு என்று முடிவு செய்தார். ரப்பர் தலையாட்டினாள். வீட்டில் கணவன் எதையும் கேட்கவில்லை. நான் அப்பவே சொன்னேனே என்றும் சொல்லவில்லை. அதற்காக அவளுக்கு அவன்மேல் நன்றியாக இருந்தது.

ஆறேழு மாதம் கழித்து வாசகர் கடிதங்களோடு ஒரு கடிதம் வந்தது. பதினோரு வயதுப் பெண், கோடு போட்ட நோட்டுத் தாளில் எழுதியிருந்தாள். 'இருபத்தாறாம் பக்கத்தில் தம்பியைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும் அக்காவை, கடைசியில் இருக்கும் இறந்தவர்கள் பட்டியலில் தேடினேன். அந்தத் தம்பி இருக்கிறான். அவனுக்கு அக்கா என்று யாரும் இல்லை. அவர் பிழைத்துவிட்டாரா? இப்போது எப்படி இருக்கிறார்?'

பிள்ளைகளின் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருக்கக் கூடாது என்பது அலுவலகத்தின் விதி. எடிட்டர் அதை அவளிடம் கொடுத்துவிட்டார். இரண்டு நாள் மேசையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு திரைச்சீலைக் கடைக்குப் போனாள்.

மாடிச் சன்னல் சாத்தியிருந்தது. அம்மா இரண்டு மாதத்துக்கு முன்னால் போய்விட்டதாக அக்கா சொன்னாள். நிமோனியா, ஆஸ்பத்திரியில் ஐந்து நாள் இருந்தாளாம்.

"எனக்குச் சொல்லியிருக்கலாமேக்கா."

"யாருக்கும் சொல்லலை."

"அதுக்கப்புறம்... பேசினாங்களா?"

"பேசினாங்க. துண்டு எடு, கதவைச் சாத்து, மாத்திரை எங்க. எல்லாம் பேசினாங்க." அக்கா ஒரு வளையத்தை எடுத்துத் துணியில் பொருத்தினாள். "சாப்பாடும் நான்தான் ஊட்டினேன், கடைசியில. வாயைத் திறப்பாங்க. கண்ணை மூடிக்குவாங்க."

ரப்பர் கடிதத்தை நீட்டினாள். எதற்கு வந்தோம் என்று அந்தக் கணத்தில் அவளுக்கே வெட்கமாக இருந்தது. அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தடவை படித்தாள்.

"நல்ல கையெழுத்து" என்றாள். "என்ன பதில் போடப் போறீங்க?"

"நீங்க சொல்றதை."

அக்கா கைமெஷினின் பிடியை அழுத்தினாள். டக் என்று வளையம் துணியைக் கவ்வியது. இன்னொன்றை எடுத்தாள். அதையும் அடித்தாள். அந்தத் திரையின் விளிம்பு முழுக்க முடிகிறவரைக்கும் ரப்பர் காத்துக்கொண்டு நின்றாள்.

"பிழைச்சுட்டாங்கன்னு எழுதுங்க" என்றாள் அக்கா. "ரெண்டாவது கேள்விக்குப் பதில் வேண்டாம்."